வளையம் யார் கையில்?

பாக்கியம் அக்கா இறந்த செய்தி ரயிலில்தான் வந்தது. அவளுக்கு வேறு எதில் வரும்? காஜிப்பேட்டையிலிருந்து வந்த பகல் பாசஞ்சரின் கார்டு எங்கள் லாலாகுடாவில் இறங்கிப் போர்ட்டரிடம் சொன்னார். போர்ட்டர் ஒர்க்ஷாப் வாசலில் சொன்னார். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்தபோது நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். நோய் இல்லை, நொடி இல்லை. வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிட்டு, கை கழுவ மறந்து நின்றார்.

நான் மத்தைக் கீழே வைத்தேன். அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. நேராக எழுந்து கொல்லைப்புறம் போய், பேரன் எங்கே இருக்கிறான் என்று பார்த்தேன். துணி ஊறவைத்த வாளிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தண்ணீரை முருங்கை மரத்துக்குக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் குழாயடியில் கேட்டால், எதிர்வீட்டு ரெஜினாவும் செய்தி கேட்டவுடன் முதல் வேலையாக அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்து, கஞ்சிச் சட்டியின் பிடியை உள்பக்கம் திருப்பி வைத்தாளாம். அடுத்த வீட்டுக்காரி கிணற்று மூடியைப் பார்க்க ஓடியிருக்கிறாள். ஒருத்தி போன செய்தியைக் கேட்டு ஒரு வரிசை வீடே எழுந்து தன் பிள்ளைகளைத் தேடியது என்றால், அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம் பெண்கள் சங்கத்துச் சகோதரிகளில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். மீதிப் பாதி அவள் காஜிப்பேட்டைக்குப் போன பிறகு இங்கே வந்தவர்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். அவள் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது.

பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். அப்பா ரயிலில் கார்டு. புருஷன் சாமுவேல் அண்ணன் சரக்கு வண்டி டிரைவர். கல்யாணமாகி வந்த நாள் முதல் லாலாகுடா குவார்ட்டர்ஸ்தான் வாசம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனால் இருபது வயது மூத்தவள் போல் அதிகாரம் செய்வாள்.

நான் வேலூரிலிருந்து, தவழும் குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்த மறுநாள் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். சாமான் மூட்டைகளைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. பருத்த உடம்பும் வெள்ளைச் சேலையுமாக ஒருத்தி உள்ளே வந்து, பிள்ளை தவழுகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றித் தரையில் இறங்கிவிட்டாள். அப்படியே வீடு முழுக்கத் தவழ ஆரம்பித்தாள்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே தள்ளினாள். பாய் ஓரத்தில் குத்தி வைத்திருந்த ஊசி. சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெய். சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்த அரிவாள்மனை. மேஜை விரிப்பின் தொங்கிய நுனியை ஒரு விரலால் லேசாக இழுத்தாள். மேலே இருந்த வெந்நீர்ச் சொம்பு ஆடியது. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊத, என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். புது வீட்டில் தன் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய பாதங்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து, ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்று குரல் வந்தது. புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தவள் என்னிடம் சொன்னாள்:

“நிமிந்து நிக்கவளுக்கு வீடு தெரியாதுட்டி. பிள்ளை கண்ணு உசரத்துல பாக்கணும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் அம்மா எங்கள் ஆறு பேரை வளர்த்தபோது எந்தப் பெண்பிள்ளையும் வந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புகவில்லை. இனி அந்த அம்மாளை உள்ளே விடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் மூச்சு விடாமல் பேசினேன். அவர் அரிவாள்மனையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் ஒரு தடவை தவழ்ந்து பார்த்தேன். அடுப்புக்குக் கீழே ஒரு சாக்கு ஊசி கிடந்தது. அக்கா அதை விட்டுவிட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

நம் ரயில்வே வரிசைகளில் கோடைக்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் மூடிவிடும். இராத்திரி டூட்டி முடிந்த ஆண்கள் பகலில் தூங்குவார்கள். “அப்பா தூங்குறார், வெளியே போ” என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் காலையில் கேட்கிற முதல் வார்த்தை. வெளியே போனால் போக்கிடம் என்ன? வரிசைக்குப் பின்னால் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற திறந்த தொட்டி. அதைத் தாண்டி, மேலே சாம்பலும் உள்ளே கனலுமாகக் கிடக்கிற சாம்பல் மேடு. அதற்கும் அப்பால், பெட்டிகளை மாற்றிக் கோக்கிற ஷண்டிங் லயன். வீட்டுக்குள் அப்பாவின் தூக்கம் கெடக் கூடாது என்று பிள்ளைகளை நாமே அங்கே விரட்டிவிட்டு, சோறு வடித்துக்கொண்டிருப்போம்.

போகாதே என்று அக்கா எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் வழி சொல்லிக் கொடுத்தது மாதிரி என்பாள். வரிசைக் கோடியில் இருக்கிற வேப்ப மரத்தைச் சுற்றிச் சாக்குகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். வாய் அகலமான ஒரு பழைய தொட்டியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைகள் அதில் இறங்கிக் கும்மாளம் போட்டன. தண்ணீர் கொடுத்தால் சளி பிடிக்காதா என்று நான் கேட்டதற்கு, சளிக்கு மருந்து இருக்கிறது என்றாள். கோடை முழுவதும் காலை வெயில் ஏறுவதிலிருந்து சாயங்காலச் சங்கு வரை சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் இடம். அம்மாக்கள் முறை வைத்துக் காவல்.

முதல் வாரமே அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. மரத்தடியில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், ஒரு பயல் சாக்கை விலக்கிக்கொண்டு சாம்பல் மேட்டுப் பக்கம் நடக்கிறான். ஐவரில் ஒருத்தியும் பார்க்கவில்லை. மற்றவள் பார்த்துக்கொள்வாள் என்றே ஐந்து பேரும் நினைத்திருந்தோம். அக்கா போய் அவனைக் கைப்பிடியாய் அழைத்து வந்து, ஐந்து பேர் பார்த்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்றாள். மறுநாள் ஒரு பிரம்பு வளையத்தோடு வந்தாள்.

நம் ஊர் ரயில் போக வர ஒற்றைப் பாதையில் ஓடுகிறது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடாதபடி, டோக்கன் கையில் கிடைத்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை விடலாம். அந்த டோக்கனைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டிப் பிளாட்பாரத்தில் ஒருவர் நீட்டிப் பிடிப்பார். நிற்காமல் போகிற வண்டியிலிருந்து டிரைவரோ ஃபயர்மேனோ கையை மடக்கிக் கோத்து வாங்கிக்கொள்வார். ஒரு டோக்கன் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். அந்த மாதிரி உடைந்துபோன வளையம் ஒன்றை அக்கா அண்ணனை எஞ்சின் ஷெட்டிலிருந்து வாங்கிவரச் சொல்லி, சிவப்புத் துணி சுற்றியிருந்தாள். அதைத் தோளில் மாட்டியிருப்பவள் கையில்தான் எல்லாப் பிள்ளைகளும். அவள் சமைக்கக் கூடாது, தைக்கக் கூடாது, பேன் பார்க்கக் கூடாது, கண் அசரக் கூடாது. வேலை இருந்தால் வளையத்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். நாங்கள் சிரித்தோம். மாட்டுக்கு நுகத்தடி, நமக்கு இது என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டோம். முதல் கோடை முழுவதும் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை.

இரண்டாவது கோடையின் மே மாதத்தில்தான் அது நடந்தது. என் மகள் சுகுணாவுக்கு அப்போது மூன்று வயது. என் முறை முடிந்து அக்காவின் முறை தொடங்க வேண்டிய நேரம். அக்கா தன் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டு நின்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, செம்பைக் கழுவி ஊற்ற அந்தப் பக்கம் திரும்பினாள். நான் வளையத்தை அவளை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து, இரண்டு இராத்திரி ஓட்டிவிட்டு, முகமெல்லாம் கரியும் கண்ணெல்லாம் தூக்கமுமாகச் சாமுவேல் அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவே வந்தார். நீட்டிய கையில் வளையத்தைக் கண்டார். அவர் கை தானாக மடங்கியது. வளையத்தைக் கோத்து வாங்கிக்கொண்டு, நடை சற்றும் குறையாமல் வீட்டுக்குள் போய்விட்டார். தூக்கத்திலேயே வாங்கியிருக்கிறார் மனிதர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வளையம் அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கிறது, அக்காதான் வருகிறேன் என்றாளே என்று நான் உலை வைக்கப் போய்விட்டேன். முதுகைத் திருப்பியிருந்த அக்காவோ நடந்ததைப் பார்க்கவில்லை. வளையம் இன்னும் என் தோளில்தான் இருக்கிறது என்று நினைத்துச் சாக்கு நனைக்கத் தண்ணீர் பிடிக்கப் போனாள். ரயில்காரர்கள் வீட்டில்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும்.

அரிசி களைந்துகொண்டிருந்தபோது வாசலில் அவள் குரல் கேட்டது.

“ஏட்டி லில்லி, வளையம் எங்க?”

“உங்க வீட்லதான்க்கா. அண்ணன் வாங்கிட்டுப் போனாரு.”

“அவுகளா? பிள்ளையள அவுக கையிலயா குடுத்த?”

வேப்ப மரத்தடிக்கு ஓடினோம். பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியில் கத்திக்கொண்டு கிடந்தன. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் பார்த்தேன். ரெஜினாவின் மகன் இருந்தான். ஒர்க்ஷாப்பில் எடுபிடி வேலை பார்க்கிற கலாசி வீட்டு இரட்டைப் பிள்ளைகள் இருந்தன. என் சுகுணா இல்லை.

பேரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

“சத்தம் போடாத. ஒளிஞ்ச பிள்ளை சத்தம் கேட்டா இன்னும் ஒளியும். மொதல்ல தண்ணி. நீ தொட்டிக்கு ஓடு.”

ரெஜினாவைச் சாம்பல் மேட்டுக்கு அனுப்பினாள். இன்னொருத்தியைப் பிள்ளைகளோடு நிறுத்தினாள். தான் வீட்டுக்கு ஓடிப்போய், தூங்குகிற புருஷனை உலுக்கி எழுப்பி, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடி ஷண்டிங்கை நிறுத்தச் சொன்னாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் எஞ்சின் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். பாசி படிந்த தண்ணீரில் என் முகமும் வானமும் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. ஆழம் எவ்வளவு என்று அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஆண்டவரே, எனக்கு எதுவும் வேண்டாம், அவள் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டே கழியால் துழாவினேன்.

அப்போதுதான் அக்கா வீட்டிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. நடந்தது இதுதான். டிரைவர்களுக்கு விளக்கும் கொடியும் வைத்துக்கொள்ள ஒரு பெரிய மரப்பெட்டி உண்டு. வேலை முடிந்து வந்த அண்ணன், துண்டு எடுக்கத் திறந்த பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வளையத்தைக் கையில் மாட்டியபடியே தூங்கிப்போனார். கண்ணாமூச்சி ஆடிய சுகுணா பார்ப்பாரில்லாமல் உள்ளே நுழைந்து, அந்தப் பெட்டிக்குள் இறங்கி, மூடியையும் இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே கொக்கி தானாக விழுந்துவிட்டது. சிவப்புக் கொடி எடுக்க அண்ணன் பெட்டியைத் திறந்தால், பச்சைக் கொடியின்மேல் என் மகள் சுருண்டு கிடக்கிறாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் தக்காளிப்பழமாய்ச் சிவந்திருந்தது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் அவளுக்கு மகா கோபம்.

“நக்கோ, வேண்டாம் மாமா, மூடுங்க. நான் இன்னும் அவுட் ஆகல.”

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, மரத்தடியைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்து, “எல்லாம் இருக்கு” என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு இலைபோல் நடுங்கியதை அன்று பார்த்தேன். எதற்கும் பயப்படாதவள் என்று நான் நினைத்திருந்தேன். பயத்தைக் காரியம் முடியும்வரை தள்ளி வைக்கத் தெரிந்தவள் என்று அன்று புரிந்தது. அவளை அன்றிலிருந்துதான் எனக்கு உண்மையாகப் பிடிக்க ஆரம்பித்தது.

இதற்குள் அண்ணனைக் காணோம். பிள்ளை கிடைத்த பிறகும், சொன்ன வேலையைச் செய்யாமல் விடக் கூடாதென்று, லுங்கியோடு சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடி ஷண்டிங் எஞ்சினை நிறுத்தியிருக்கிறார். எஞ்சின்காரர் பதறிப்போய் என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை, பிள்ளை கிடைத்துவிட்டது என்றாராம். அந்த எஞ்சின்காரருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

யார் செய்த தவறு என்பதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் அன்று தொடங்கி வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். அக்கா என்னைச் சொல்வாள். நான் அண்ணனைச் சொல்வேன், இன்றும் சொல்கிறேன். அண்ணனோ, வளையத்தை நீட்டினால் வாங்க வேண்டும், வாங்காமல் போனால்தான் டிரைவருக்குத் தண்டனை என்று ஒரே பேச்சில் நிற்பார். அந்தச் சண்டையை நாங்கள் மூவருமே முடிக்க விரும்பவில்லை. மழைக்காலத்தில் பொழுது போகாவிட்டால் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவோம்.

ஆனால் மறுநாளே சட்டம் மாறியது. வளையம் இனி ஊமையாகக் கைமாறக் கூடாது. கொடுப்பவள், “யார் கையில்?” என்று கேட்க வேண்டும். வாங்குகிறவள் கண்ணைப் பார்த்து, “என் கையில்” என்று சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளை முகத்தையும் பார்த்து, “எல்லாம் இருக்கு” என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் கொடுப்பவள் பிடியை விடலாம். ஆண்களிடம் கொடுப்பதே இல்லை என்றொரு சட்டமும் வந்தது. அண்ணனுக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.

அடுத்தது பெட்டிகள். ரயில்காரர் வீட்டில் நாற்காலி இருக்காது, டிரங்குப் பெட்டி இருக்கும். ஒரு பெட்டி பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் காற்று போக ஓட்டை போட வேண்டும் என்று அக்கா வீடு வீடாகப் போய் நின்றாள். என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு ஃபிட்டர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துளை போட்டார்கள். அண்ணனின் மரப்பெட்டி ரயில்வே சொத்து. அதிலும் அக்கா போடவைத்தாள். பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு என்ன ஓட்டை என்று கேட்க, விளக்குக்குக் காற்று வேண்டாமா என்று அண்ணன் முகம் மாறாமல் பதில் சொன்னார். அதுமுதல் லாலாகுடாத் தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீர்ப்பெட்டி ஓட்டையோடுதான் போகும். சுகுணாவின் பெட்டியைப் பார்த்துப் பெஜவாடாவில் அவள் மாமியார், எலி கடித்ததா என்று கேட்டிருக்கிறாள். இவள் சிரித்துக்கொண்டே, இல்லை அத்தை, என்னால் வந்தது என்றாளாம்.

பிள்ளைகளைப் பொத்தி வைத்தவள் என்று மட்டும் யாரும் நினைத்துவிடாதீர்கள். கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் எல்லாரையும் லோத்குண்டாப் பாறைகளுக்கு அழைத்துப் போவாள். ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ரயிலாகப் போவார்கள். முன்னால் எஞ்சினாகப் போக எல்லாருக்கும் போட்டி. அக்கா எப்போதும் கடைசியில்தான் வருவாள். ஒருநாள் காரணம் கேட்டேன். “முன்னால போறவளுக்கு வழி தெரியும். பின்னால வாறவளுக்குத்தான் பிள்ளையத் தெரியும்” என்றாள். கார்டு மகள் வேறு எப்படிச் சொல்வாள்? பாறையில் உட்காரும் முன் கழியால் தட்ட வேண்டும். தேளுக்கும் அது வீடு, கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பாள். பிள்ளைகள் ஒவ்வொரு கல்லையும் தட்டி, அந்தர் ஆவூன் க்யா, உள்ளே வரலாமா என்று உருதுவில் அனுமதி கேட்பார்கள். இந்த ஊர்த் தேளுக்குத் தமிழ் தெரியாதாம். பாறை உச்சிவரை ஏறவிடுவாள். ஏறுகிற பிள்ளைக்குக் கீழே தான் நிற்பாள். விழுந்தால் தன்மேல் விழட்டும், மெத்தை மாதிரிதான் இருக்கிறேன் என்பாள். நுங்கை, இங்கே முஞ்சல் என்கிறோமே, அதைக் கையால் நசுக்கிக் கூழாக்கித்தான் குட்டிகளுக்கு ஊட்டுவாள்.

போதகர் வந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு கோடையில் அவர் வீட்டுச் சந்திப்புக்கு வந்தவர், மரத்தடியில் கூடியிருந்த எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஜெபம் செய்வோம் என்றார். எல்லாரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். ஜெபம் பாதியில் அவர் எதற்கோ கண்ணைத் திறந்திருக்கிறார். எதிரே பாக்கியம் அக்கா, தோளில் வளையமும் விரியத் திறந்த கண்ணுமாக நிற்கிறாள். ஜெபத்தை நிறுத்தி, அம்மா, நீங்கள் கண்ணை மூடவில்லையே என்று மெதுவாகக் கேட்டார்.

“வளையம் எங்கிட்ட இருக்குங்கய்யா. நீங்க ஜெபியுங்க, நான் பாத்துக்கிடுதேன். கர்த்தர் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டாரு.”

போதகர் அவளையும் வளையத்தையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த ஜெபத்தில் அடுத்ததாக அவர் சொன்னது, கண் திறந்திருப்பவர்களையும் ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே என்பது. அதற்கு எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது அக்காதான். அது முதல் நம் கோயிலில் பிள்ளைகள் உட்காரும் பக்கம் ஜெப நேரத்தில் ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து என்ன பக்திக் குறைவோ என்று நினைத்திருக்கலாம். காரணம் இதுதான்.

அண்ணனுக்குக் காஜிப்பேட்டைக்கு மாற்றல் வந்தபோது அக்கா அழவில்லை. வழியனுப்ப வரிசை முழுவதும் ஸ்டேஷனுக்குப் போனது. வண்டி புறப்படும் நேரத்தில் ஜன்னல் வழியாக வளையத்தை என் பக்கம் நீட்டினாள். யார் கையில் என்று கேட்டாள். என் கையில் என்றேன். அவள் பிடியை விடவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது. அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்க, நான் பிளாட்பாரத்தில் கூடவே நடக்கிறேன். அப்போதுதான் நினைவு வந்து திரும்பி, நின்றிருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் இருக்கு என்று கத்தினேன். அதன்பிறகே விட்டாள். ஊருக்கெல்லாம் பாதுகாப்புச் சொன்ன மகராசி, ஓடுகிற ரயிலோடு என்னை இழுத்துக்கொண்டு போனாள் என்று அண்ணனிடம் புகார் எழுதி அனுப்பினேன். பதில் அவள் கைப்பட வந்தது. விழமாட்டாய் என்று தெரியும், உனக்குப் பின்னால் ரெஜினாவை நிற்கச் சொல்லியிருந்தேன் என்று எழுதியிருந்தாள்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். வளையம் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. துணி பலமுறை மாறிவிட்டது. பிரம்பு அதேதான். இந்தக் கோடையிலும் இளம் அம்மாக்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். என் டிரங்குப் பெட்டி ஓட்டை வழியாகப் பூச்சி புகுந்து என் கல்யாணப் பட்டைச் சல்லடையாக்கிவிட்டது. அந்தப் பொத்தல்களும் அவள் கொடுத்தவைதான். தூக்கி எறிய மனமில்லை. வயது இத்தனை ஆகியும் புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் என் முழங்கால் தானாகத் தரையைத் தேடுகிறது.

சென்ற ஞாயிறு நம் கோயில் முற்றத்தில் அவளுக்காக நினைவு ஜெபம் நடந்தது. நீங்களும் வந்திருந்தீர்கள். பிள்ளைகள் மரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தன. இளம் போதகர் அக்காவின் பேரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். வளையம் என் தோளில் இருந்தது, அதனால் நான் மூடவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பினேன். ரெஜினாவின் கண் திறந்திருந்தது. கலாசி வீட்டு அம்மாளின் கண் திறந்திருந்தது. முன்வரிசையிலும் பின்வரிசையிலும், அக்காவின் காலத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை மட்டும் திறந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டோம். சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் நீரும் வந்தது.

தூணோரம் சுகுணா நின்றிருந்தாள். பிரசவத்துக்கு வந்தவள், இடுப்பில் பெரியவனும் வயிற்றில் அடுத்ததுமாக. அவள் கண்ணும் திறந்துதான் இருந்தது. புருவத்தை உயர்த்தி, சத்தம் வராமல், யார் கையில் என்று உதட்டால் கேட்டாள். என் கையில் என்று தோளைத் தொட்டுக் காட்டினேன். அப்புறம் மரத்தடியைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்து முடித்தேன்.

எல்லாம் இருக்கு, அக்கா. நீ விடலாம்.